கடற்படை ரிசர்வ் உளவுப் பிரிவிலிருந்து தூதரக வேலைக்கு: எனக்குத் தெரிந்த வழி

அமெரிக்கக் கடற்படை ரிசர்வில், அதாவது வெளி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணி செய்யும் படையில், இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். "அக்கா, நான் 1835. தூதரகத்துல அட்டாஷே வேலைக்குப் போகணும். எங்கே அப்ளை பண்றது?" 1835 என்பது ரிசர்வில் உள்ள உளவு அதிகாரிகளின் பிரிவு எண்; முழுநேரப் பணியில் இருப்பவர்களுக்கு 1830. அட்டாஷே என்பவர் தூதரகத்தில் தன் நாட்டுப் படையின் பிரதிநிதியாக இருக்கும் அதிகாரி. எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லத்தான் நேரம் எடுக்கிறது. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். எல்லாமே வெளியில் தெரிந்த விதிகளும் என் சொந்த அபிப்பிராயங்களும்தான். ரகசியம் தேடி வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரிசர்விலிருந்து அட்டாஷே நாற்காலிக்கு நேர்வழி கிடையாது. மாதம் ஒரு வாரக்கடைசி டிரில், வருடத்துக்கு இரண்டு வாரம் பயிற்சி என்று போய்க்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடித்து வெளிநாட்டுத் தூதரகத்தில் வருடக்கணக்கில் உட்கார வைக்க அமைப்பு தானாக முன்வராது. ஆனால் சின்னச் சின்ன ஆர்டர்களாக (இத்தனை நாளுக்கு இந்த இடத்தில் வேலை என்னும் பணி உத்தரவுகளாக) வாங்கி, ஒன்றைக் காட்டி அடுத்ததைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக முடியும். நானும் அப்படித்தான் போனேன்.

எந்த வேலையைக் கேட்கிறீர்கள்?

தூதரகத்தில் சீருடை போட்டவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பாதுகாப்பு அட்டாஷே அலுவலகம் ஒன்று. இது பாதுகாப்பு உளவு முகமையான டி.ஐ.ஏ.வின் கீழ் வருகிறது. டி.ஐ.ஏ. 1961இல் தொடங்கியது, 1965இல்தான் எல்லாப் படைகளின் அட்டாஷேக்களும் ஒரே அமைப்புக்குள் வந்தார்கள். அதுவரை தரைப்படை தன் ஆளை அனுப்பும், கடற்படை தன் ஆளை அனுப்பும். நம் பிரிவுக்கும் இந்த வேலைக்கும் உறவு இன்னும் பழையது. கடற்படை உளவு அலுவலகம் 1882இல் தொடங்கிய அதே வருடம் நம் முதல் கடற்படை அட்டாஷே லண்டனுக்குப் போனார். அவர் பெயர் பிரெஞ்ச் சாட்விக். பெயர் பிரெஞ்ச், போனது லண்டன். இன்றைக்கும் பழைய ஆட்கள் கடற்படை அட்டாஷேயை 'அலுஸ்னா' என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு அலுவலகம். நாட்டுக்கு நாடு இதன் பெயர் மாறும். அரசுக்கு அரசு ஆயுத விற்பனை, அந்த நாட்டு அதிகாரிகளை இங்குள்ள படைக் கல்லூரிகளுக்குப் படிக்க அனுப்புவது, கூட்டுப் பயிற்சிகளுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் இவர்கள் வேலை. இது அந்தப் பகுதியின் கூட்டுப்படைத் தலைமையகத்துக்குப் பதில் சொல்லும். இவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒஹாயோவில் ரைட்-பேட்டர்சன் தளத்தில் இருக்கிறது. 2007 கடைசியில் வந்த உத்தரவுக்குப் பிறகு, ஒவ்வொரு தூதரகத்திலும் இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் மேலே ஒரே மூத்த பாதுகாப்பு அதிகாரி இருப்பார். அவருக்கு மேலே தூதர். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்னலோ கேப்டனோ, தூதர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

உளவுப் பிரிவுக்காரர்கள் முதல் அலுவலகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், வெளியில் காண்டிராக்ட், தளவாடம், திட்ட மேலாண்மை என்று வேலை பார்க்கும் ரிசர்விஸ்டுக்கு இரண்டாவது அலுவலகம் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒரே நிபந்தனை, அங்கே போனால் உளவு வேலையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். அந்த அலுவலகத்தின் மேல் அந்த நாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையே, இவர்கள் துப்பு சேகரிக்க வரவில்லை என்பதுதான்.

எஃப்.ஏ.ஓ. என்னும் வெளிநாட்டுப் பிராந்திய அதிகாரி பிரிவும் இருக்கிறது. கடற்படையில் அதன் எண் 1710. எல்லாப் படைகளும் இப்படி ஒரு பிரிவை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று 2005இல் பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டது. முதுகலைப் பட்டம், மொழித் தேர்ச்சி, பிராந்திய அனுபவம் மூன்றும் வேண்டும். வாழ்நாள் முழுக்க இதுவே தொழில் என்று முடிவெடுத்து, வெளி வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பணிக்கு மாறத் தயாராக இருப்பவர்கள் இதைப் பாருங்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தால் யோசிக்கலாம். கமாண்டர் ஆன பிறகு யோசித்துப் பெரிய பயன் இல்லை.

பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கம் இவை எதுவும் இல்லை. நேப்பிள்ஸில் ஆறாவது கப்பற்படைத் தலைமையகம், ஸ்டுட்கார்ட்டில் ஆப்பிரிக்க, ஐரோப்பியத் தலைமையகங்கள், ஹவாயில் இந்தோ-பசிபிக் தலைமையகம், இவற்றின் கூட்டுப் பயிற்சிகள். ரிசர்விஸ்டை மனமார வரவேற்கும் இடங்கள் இவைதான். கினி வளைகுடா நாடுகளோடு நடக்கும் ஒபங்கேம் எக்ஸ்பிரஸ் மாதிரிப் பயிற்சிக்கோ, 2004 சுனாமிக்குப் பின் 2006இல் தொடங்கிய பசிபிக் பார்ட்னர்ஷிப் பயணத்துக்கோ ஆள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குங்கள். பெயர் 'திட்டமிடல் அதிகாரி' என்று சப்பையாகத்தான் இருக்கும். ஆனால் தூதரக வாசலுக்குள் காலை வைக்கும் முதல் வாய்ப்பு அதுதான்.

படிக்கிற பழக்கமும் பழகுகிற பழக்கமும்

நம் உளவுப் பிரிவுப் பயிற்சி நம்மை ஒரு அறைக்குள் உட்கார்ந்து படிக்கிற ஆட்களாக ஆக்கிவைத்திருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, கேள்விப் பட்டியல். அட்டாஷே வேலை அதற்கு நேர் எதிர். தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை ஒருமுறையாவது முழுசாகப் படியுங்கள், சின்ன ஆவணம்தான். அதன் 3ஆவது பிரிவு, இருக்கும் நாட்டின் நிலைமையைச் சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பதைத் தூதரகத்தின் வேலைகளில் ஒன்றாகவே சொல்கிறது. அதாவது நீங்கள் ஊருக்கு எழுதுவீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். உங்களுக்கும் அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒளிக்க ஒன்றுமில்லாத அந்த நிலைமையில் இயல்பாக இருக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த மாற்றத்தில் பெரிய பகுதி. எல்லை தாண்டினால் 9ஆவது பிரிவு இருக்கிறது. காரணம் சொல்லாமலே உங்களை வேண்டாத ஆள் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம்.

ஓர் உதாரணம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்துக்கு நம் கப்பல் வருவதாக இருந்தது. தூதரகத்துக்கு உதவியாகக் குறுகிய ஆர்டரில் போயிருந்தேன். துறைமுக அதிகாரியைப் பார்க்க அட்டாஷேயோடு ஒரு இளம் லெப்டினன்டும் நானும் போனோம். லெப்டினன்டும் நம் பிரிவுதான். உட்கார்ந்த சூட்டோடு கையில் இருந்த பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ரோந்துப் படகு எத்தனை? ராடார் எந்த மாதிரி? இரவில் யார் காவல்? துறைமுக அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார், மேசை மேல் இருந்த பேனாவை மூடி வைத்தார், காபி சொல்லட்டுமா என்று கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

அட்டாஷே அவசரப்படவில்லை. ஜன்னல் வழியாகக் கப்பல்துறையைப் பார்த்து, "இந்த மழைக்காலத்தில் மண் எவ்வளவு சேர்ந்திருக்கிறது? எங்கள் கப்பல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம் கொஞ்சம் அதிகம்" என்றார். அது உண்மையான கவலை. தூர்வாரும் கப்பலுக்குப் பணம் ஒதுக்கியும் வராத கதை அங்கிருந்து தொடங்கியது. எந்த அமைச்சகம் யார் பேச்சைக் கேட்பதில்லை என்பது வந்தது. படகுகளில் பாதி ஏன் கரையிலேயே நிற்கிறது என்பதும் தானாக வந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. குப்பையை எந்த நேரத்தில் எடுப்பார்கள், கப்பலை மோதாமல் தாங்கும் ரப்பர் மெத்தைகள் இவர்களிடம் போதுமா, யார் கொடி எந்தப் பக்கம் என்று எல்லாம் பேசி முடித்து, அதிகாரியே எங்களைத் துறைமுகம் சுற்றிக் காட்டினார்.

லெப்டினன்டுக்கு அன்று சாயங்காலம் நான் சொன்னது: அவருக்கு உபயோகமான ஒரு விஷயத்தைப் பேசப் போ, உனக்கு உபயோகமானது கூடவே வரும். கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

டிரில் வாரக்கடைசியில் இதையெல்லாம் எங்கே பழகுவது என்று கேட்பீர்கள். இங்கேயே பழகலாம். உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வந்தால் வரவேற்பு அதிகாரியாகப் போகத் தன்னார்வமாகப் பெயர் கொடுங்கள். நார்ஃபோக், சான் டியேகோ மாதிரி இடங்களில் இதற்கு ஆள் தேவைப்படும். படைக் கல்லூரிகளில் படிக்க வந்திருக்கும் வெளிநாட்டு அதிகாரிகளின் குடும்பத்துக்கு உதவ உள்ளூர்க் குடும்பங்களைக் கேட்பார்கள், அதற்கும் போகலாம். விருந்தோம்பலில் நம் வீடுகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மெதுவாக நகர்பவற்றை முதலில் தொடங்குங்கள்

ஆர்டர் திடீரென்று வரும். கிளியரன்ஸும் (ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் பாதுகாப்பு அனுமதி) மொழியும் அப்படி வராது.

கிளியரன்ஸ் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்கு வெளிநாட்டுச் சொந்தம் அதிகம். சித்தப்பா மதுரையில், அத்தை யாழ்ப்பாணத்தில், மச்சான் துபாயில், ஒன்றுவிட்ட அண்ணன் சிங்கப்பூர் அரசாங்க வேலையில். உளவு அதிகாரி என்பதால் உச்ச ரகசிய கிளியரன்ஸ் ஏற்கெனவே இருக்கும், அப்போது எஸ்.எஃப்.-86 என்னும் பின்னணி விசாரணைப் படிவத்தில் எழுதியதும் இருக்கும். ஆனால் டி.ஐ.ஏ. வழியாக அட்டாஷே வேலைக்குப் போகும்போது மறுபடி நோண்டுவார்கள், பாலிகிராஃப் என்னும் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. சொந்தக்காரர்கள் இருப்பது குற்றமில்லை. சொல்லாமல் விட்டதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். என் யோசனை, ஒரு எக்செல் தாளில் எல்லாச் சொந்தக்காரர்களின் பெயர், பிறந்த நாள், குடியுரிமை, என்ன வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், சாவு என்று ஊருக்குப் போகும் ஒவ்வொரு பயணத்தையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். 2017 முதல் அமலில் இருக்கும் விதிப்படி அது கட்டாயம். வாட்ஸாப் குடும்பக் குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்களே, எல்லோரையும் எழுத வேண்டுமா என்று கேட்காதவர் இல்லை. உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள், அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது குடியுரிமை இல்லை, இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் படிவத்தைப் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. இலங்கை விண்ணப்பத்தின் பேரில் இரட்டைக் குடியுரிமை தருகிறது. அதை வாங்கிவைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வியன்னா உடன்படிக்கை 8ஆவது பிரிவின்படி, இருக்கப்போகும் நாட்டின் குடிமகனை அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் தூதரக அதிகாரியாக நியமிக்க முடியாது. 38ஆவது பிரிவின்படி அப்படியே நியமித்தாலும், அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும்தான் சட்ட விலக்கு. 7ஆவது பிரிவு ராணுவ, கடற்படை, விமானப்படை அட்டாஷேக்களைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. பெயரை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கச் சொல்லி அந்த நாடு கேட்கலாம். ஆகவே பூர்வீக நாட்டுக்கே அட்டாஷேயாகப் போய் இறங்கலாம் என்ற ஆசையை மட்டும் வைத்துப் பாதையைப் போடாதீர்கள். வேறொரு பிராந்தியத்தையும் உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிராந்தியத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? மொழியை வைத்து. படை மொழித் தேர்வான டி.எல்.பி.டி. கேட்பதற்கும் படிப்பதற்கும் மதிப்பெண் தரும். பேசுவதற்கு நேர்முகமாகத் தனித் தேர்வு. அளவுகோல் 0 முதல் 5 வரை. எஃப்.ஏ.ஓ. கேட்பது பொதுவாக 2/2, அதாவது கேட்பதில் இரண்டு, படிப்பதில் இரண்டு. இரண்டு என்றால் அன்றாட விஷயங்களைத் தடுமாறாமல் சமாளிக்கலாம். மூன்று வந்தால்தான் தொழில் சார்ந்த விஷயங்களை விவாதிக்க முடியும். துறைமுக அதிகாரியிடம் மண் சேர்வதைப் பற்றிப் பேச இரண்டரையாவது வேண்டும் என்பது என் கணக்கு.

கலிஃபோர்னியாவில் மான்டெரேயில் உள்ள படை மொழிப் பள்ளியில் அரபு, சீனம், கொரியன், ஜப்பானிய மொழிப் பாடங்கள் 64 வாரம் ஓடும். வெளி வேலையில் இருக்கும் ரிசர்விஸ்டால் அதற்கெல்லாம் போவது நடக்காத காரியம். பிரெஞ்ச், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் மாதிரி எளிய வகைக்குள் வரும் ஒன்றை எடுத்தால் மாலை நேரப் படிப்பிலேயே தேறலாம். நான் பிரெஞ்சைப் பிடித்தேன். அதே மான்டெரே பள்ளியின் 'கிளாஸ்' (GLOSS) என்ற இணையப் பாடங்கள் யாருக்கும் இலவசம். கேட்பதற்கும் படிப்பதற்குமான பயிற்சி தரம் பிரித்து இருக்கிறது. அப்புறம் செய்தி வானொலி. வாரத்துக்கு இரண்டு தடவை இணையத்தில் ஆசிரியரோடு பேச்சு. தேறிவிட்டால் சம்பளத்தோடு மொழிப் படியும் வரும், ரிசர்வுக்கும் உண்டு. தமிழ் தெரிந்தால் அதையும் பேச்சுத் தேர்வு எழுதிப் பதிவில் ஏற்றிவிடுங்கள். அதற்காக ஓடி வந்து வேலை தர மாட்டார்கள்தான். ஆனாலும் பதிவேட்டில் 'மொழிகள்' என்ற இடம் காலியாக இருப்பதைவிட நல்லது.

ஆர்டர் பிடிப்பது

ரிசர்வ் யூனிட்டுகளில் நிரந்தர இடம், இளநிலை அதிகாரிகளுக்கு 'ஜே.ஓ. அப்ளை' என்ற விண்ணப்ப முறை வழியாக, மூத்தவர்களுக்கு 'அப்ளை' என்ற தேர்வு வாரியம் வழியாக. டி.ஐ.ஏ.வுக்கோ கூட்டுப்படைத் தலைமையகங்களுக்கோ துணையாக இருக்கும் ரிசர்வ் யூனிட்டாகப் பார்த்து முதல் விருப்பமாகப் போடுங்கள். வீட்டிலிருந்து தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. தற்காலிக ஆக்டிவ் டியூட்டி (முழுநேரப் பணி) வேலைகள் 'ஜிப்சர்வ்' என்ற இணையதளத்தில் வரும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதாது. நல்ல வெளிநாட்டு வேலைகள் சீக்கிரம் போய்விடும். தேடும்போது 'அட்டாஷே' என்று மட்டும் தட்டாதீர்கள். பாதுகாப்பு ஒத்துழைப்பு, பயிற்சித் திட்டமிடல், தொடர்பு அதிகாரி என்றெல்லாம் தேடினால்தான் வரும்.

விண்ணப்பிக்கும்போது அந்த அலுவலகத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மூன்று பத்தி போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், கிளியரன்ஸ் என்ன, மொழி மதிப்பெண் என்ன, மருத்துவமும் பல்லும் பச்சையில், அதாவது பணிக்குத் தயார் என்ற நிலையில், இருக்கிறதா. உங்கள் ஆய்வுத் திறமை பற்றிய நீண்ட வருணனை வேண்டாம். தூதரகத்தில் ஆள் இல்லாமல் திண்டாடும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, இவர் எப்போது விமானம் ஏறுவார், வந்த பிறகு எனக்குத் தலைவலியா உதவியா என்பதுதான். அட்டாஷே அலுவலகங்களில் ஆள் மாறும் இடைவெளியை நிரப்ப ரிசர்விஸ்டுகளைக் கூப்பிடுவது உண்டு. அப்படி ஒன்றுக்குப் போய் ஒழுங்காக நடந்துகொண்டால், அந்த மூத்த அதிகாரி அடுத்த ஊருக்கு மாறும்போது உங்கள் பெயரையும் கொண்டுபோவார். இந்த உலகம் ரொம்பச் சின்னது.

ஃபிட்ரெப் என்னும் பணி மதிப்பீட்டு அறிக்கை எழுதும்போதும் இதை மனதில் வையுங்கள். 'இத்தனை அறிக்கை தயாரித்தார்' என்பதைவிட, 'எந்த நாட்டு அதிகாரிகளோடு எந்தப் பயிற்சியை, யார் உதவியும் இல்லாமல் ஒருங்கிணைத்தார்' என்ற வரி இங்கே எடை அதிகம்.

முழு அட்டாஷே பதவிக்குத் தேர்வானால் வாஷிங்டன் பக்கத்தில் போலிங் தளத்தில் உள்ள கூட்டு ராணுவ அட்டாஷே பள்ளிக்கு அனுப்புவார்கள். கணவன் அல்லது மனைவியும் அங்கே பயிற்சிக்கு வரலாம். சும்மா மரியாதைக்காக அல்ல. விருந்து கொடுப்பது, போவது, பாதுகாப்பு என்று எல்லாவற்றிலும் குடும்பம் சேர்ந்துதான் இருக்கப்போகிறது. சிப்பாய் நிலையில் இருக்கும் உளவு நிபுணர்களுக்கும் அட்டாஷே அலுவலகத்தில் நிர்வாக, செயல்பாட்டு வேலைகள் உண்டு, அவர்களும் அதே பள்ளிக்குத்தான் போகிறார்கள். அதிகாரி ஆகவில்லையே என்று ஒதுங்க வேண்டாம்.

வீட்டிலும் வேலையிலும்

படைப் பணிக்குப் போகிறவர்களின் வெளி வேலைக்கான 1994ஆம் ஆண்டின் யூசெரா சட்டம் உங்கள் வேலையைக் காப்பாற்றும். ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து வருடம்வரை ராணுவப் பணிக்குப் போய்த் திரும்பலாம், சில வகை ஆர்டர்கள் அந்தக் கணக்கில் சேராது. 180 நாளுக்கு மேல் போயிருந்தால் திரும்பி வந்த 90 நாளுக்குள் வேலை கேட்டு எழுத வேண்டும். 31 முதல் 180 நாள் என்றால் வெறும் 14 நாள்தான். இதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. சட்டம் இருக்கிறது என்று மேலாளரிடம் கடைசி வாரத்தில் போய்ச் சொல்வதும் நல்லதில்லை. தெரிந்த அன்றே சொல்லுங்கள்.

ஆர்டர் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சட்டப் பிரிவின்கீழ் போட்டிருக்கிறார்கள் என்பது. யூசெராவின் ஐந்து வருடக் கணக்கு, ஓய்வூதிய வயது எல்லாம் அதை வைத்துத்தான் மாறும். 2008 ஜனவரி 28க்குப் பிறகு செய்த தகுதியான ஆக்டிவ் டியூட்டியில் ஒவ்வொரு 90 நாளுக்கும், 60 என்ற ஓய்வூதிய வயதில் மூன்று மாதம் குறையும். 30 நாளுக்கு மேற்பட்ட ஆர்டர் என்றால் முழு மருத்துவக் காப்பீடும் வரும். 29 நாள் ஆர்டரை யாராவது நீட்டினால், ஏன் இன்னும் சில நாள் சேர்க்கக் கூடாது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வாழ்க்கைத் துணையின் வேலை பற்றி முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். பல நாடுகளில் அவர்களால் வெளியில் வேலை பார்க்க முடியாது. என் கணவர் தொலைதூர வேலைக்கு மாறச் சம்மதிக்கும்வரை நீண்ட ஆர்டர் எதற்கும் நான் கை தூக்கவில்லை. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடமும் அளவாகச் சொல்லி வையுங்கள். தூதரகத்தில் வேலை என்று எங்கள் அம்மா வாயிலிருந்து வெளியே போன மறுநாளே, தெருவில் பாதிப் பேருக்கு என் மூலம் விசா வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு

எந்த அரசுப் பயணத்துக்கும் முன்னால் 'ஏபேக்ஸ்' அமைப்பில் நாட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ரிசர்விஸ்டுக்கு யாராவது போட்டுத் தருவார்கள் என்று நம்பாதீர்கள், நீங்களே போட்டு நீங்களே விடாமல் கேளுங்கள். உங்கள் சட்ட நிலை என்ன என்பதையும் விமானம் ஏறும் முன் எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு பாஸ்போர்ட், அதாவது தூதரகப் பாஸ்போர்ட், கையில் இருப்பதால் மட்டும் சட்ட விலக்கு வந்துவிடாது. அந்த நாட்டில் உங்களை எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் அட்டாஷேக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

பரிசு விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டு அரசிடமிருந்து வரும் பரிசுக்கு உச்ச வரம்பு உண்டு. 2023 ஜனவரியில் அதை 480 டாலர் ஆக்கினார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், ஆகவே நீங்கள் போகும்போது என்ன என்று பாருங்கள். அரசு கொடுப்பது ஒரு வகை, காண்டிராக்டர் கொடுப்பது முற்றிலும் வேறு வகை. 'ஃபேட் லெனர்ட்' என்று அழைக்கப்பட்ட லெனர்ட் ஃபிரான்சிஸ் கதை எல்லோருக்கும் தெரியும். துறைமுகங்களில் நம் கப்பல்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம் நடத்தி, விருந்தும் விடுதியும் கொடுத்து அதிகாரிகளை வளைத்து, 2013இல் பிடிபட்டவர். அதில் நம் காதில் விழ வேண்டிய பகுதி, மணிலா தூதரகத்தில் 2006 முதல் 2008 வரை கடற்படை அட்டாஷேயாக இருந்த ஒரு கேப்டனும் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது. அவருக்கு 41 மாதச் சிறை. கப்பலுக்கு அனுமதி வாங்கித் தருவது அட்டாஷேயின் கையில் இருக்கும் அன்றாட வேலை. அந்தக் கையெழுத்து சிலருக்கு எவ்வளவு லாபம் என்று புரிந்துகொண்டால், ஒரு சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தது என்பதை ஏன் எழுதி வைக்கச் சொல்கிறேன் என்பதும் புரியும். சந்தேகம் வந்தால் தூதரகத்திலோ தலைமையகத்திலோ சட்ட அதிகாரியைக் கேளுங்கள். நாளைக்கு அல்ல, கை நீட்டும் முன்.

வரவேற்பு விருந்துகளில் குடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் எல்லா விருந்திலும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து கையில் வைத்திருப்பேன், ஒருவரும் கேட்டதில்லை. சைவம் என்றால் ஓரமாக நின்று சாப்பிடாதீர்கள். வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கே பேச வேண்டும். அட்டை வாங்கினால் அதன் பின்பக்கம் அன்றிரவே எழுதுங்கள்: எங்கே பார்த்தது, என்ன பேசியது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள். மறுநாள் காலை அவருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். அவர் மொழியில்.

குறுகிய ஆர்டரில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு ஒப்படைப்புக் கோப்பு எழுதுவது முக்கியம். பலர் கடைசி நாள் வெறும் தொலைபேசிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அடுத்தவருக்குத் தேவை, யார் அழைப்பை எடுப்பார், யார் உதவியாளர் வழியாகத்தான் பேசுவார், எந்தக் காரியம் பாதியில் நிற்கிறது, நம் பக்கம் கொடுத்து இன்னும் நிறைவேற்றாத வாக்கு என்ன என்பது. கடைசியாகச் சொன்னதை மறக்காமல் எழுதுங்கள். திரும்பி வந்த பிறகு, அங்கே நட்பானவர்களோடு தொடர்பு தொடர்ந்தால் அதையும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வில் இருந்துகொண்டே அந்த நாட்டு அரசுக்கு ஆலோசகராகச் சம்பளத்துக்குப் போக நினைத்தால், நம் படைச் செயலர், வெளியுறவுச் செயலர் இரண்டு பேரின் ஒப்புதலும் முன்னதாகவே வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.